வாசிக்க மட்டும்

கடல் மட்டத்துக்கு ஒன்றரை மீட்டர் கீழே
மாடு மேய்கிறது எங்கள் ஊரில்.
மாட்டுக்கு அது தெரியாது.
தெரிந்து விழித்திருப்பது என் வேலை:
நான்கு பம்பு, ஒரு மதகு, ஒரு திரை,
இரவு பத்திலிருந்து காலை ஆறு.

கட்டுப்பாட்டுப் பெட்டி தொண்ணூற்றெட்டில் பொருத்தியது.
கம்பியெல்லாம் ஒரே கட்டடத்துக்குள் ஓடிய
காலத்தின் பிள்ளை.
கேட்டால் சொல்லும். சொன்னால் செய்யும்.
நீ யார் என்று கேட்க
ஒருவரும் அதற்குக் கற்றுத்தரவில்லை.
பிறகு யாரோ, பெட்ரோல் மிச்சமாகுமென்று,
அதன் வாலில் இணையத்தைக் கட்டிவிட்டார்கள்.
லேவார்டனில் நாற்காலியை விட்டு எழாமலே
ஹில்கெ எங்கள் மதகைத் தூக்கலாம்.
ஹில்கெ தூக்கலாம் என்றால்
அப்புறம் வேறு யார்...
அந்த வாக்கியத்தை முடிக்கப்
பதினாறு வருடமாக யாருக்கும் நேரமில்லை.

மார்ச்சில் எச்சரிக்கை வந்தது, ஒன்பது பக்கம்.
அபாய அளவு, பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு.
என் மகன் எந்தப் பாடத்திலும் வாங்காத மதிப்பெண்.
தீர்வு: மென்பொருளைப் புதுப்பிக்கவும்.
புதுப்பித்து முடியும்வரை பம்புகளை நிறுத்தவும்.
நிறுத்தவும்!
மழைக்கு யார் கடிதம் போடுவது?
கோடையில் பார்க்கலாம் என்றார்கள்.
கோடையில் மழை இல்லை, காசும் இல்லை.

நவம்பரில் ஒரு செவ்வாய்.
திரையில் எல்லாம் பச்சை.
மைனஸ் ஒன்று புள்ளி ஐந்து இரண்டு.
ஒரு மணி நேரமாக அதே எண்.
வெளியே மழை
தகரத்தை உரித்துக்கொண்டிருந்தது.
தண்ணீர் இத்தனை ஒழுக்கமாக இருந்து
நான் பார்த்ததில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
மதகுச் சுவரில் அறைந்த அளவுகோல்,
வெள்ளையில் கறுப்பு எண்கள்.
ஐந்து இரண்டைக் காணோம், நான்கு பூஜ்யத்தையும் காணோம்.
மைனஸ் ஒன்று புள்ளி இரண்டு ஒன்றில்
நுரை தட்டிக்கொண்டிருந்தது.
பீட்டர்ஸ்மாவின் ஆடுகள் முன்னமே மேடேறி நின்றன.
அவற்றுக்கு ஒன்பது பக்கம் தேவைப்படவில்லை.

உள்ளே ஓடி, பழைய கைப்பிடியை
'கையால்' என்று எழுதிய பக்கம் திருப்பினேன்.
மூன்றாவது இருமியது. நான்காவது எழுந்தது.
யாரோ உள்ளே புகுந்துவிட்டார்கள் என்று
போனில் கத்தினேன்.
விடியும்வரை திரையைத் துணியால் மூடிவைத்தேன்,
அது என்னைப் பார்ப்பதுபோல் இருந்ததால்.

வியாழனன்று உத்ரெக்டிலிருந்து நஜ்வா வந்தாள்.
மடிக்கணினி ஒன்று, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.
உணரியின் குழாயைக் கழற்றிக் கவிழ்த்தாள்.
மட்டி. நகத்தளவு மட்டி,
குழாய் நிறையக் குடும்பத்தோடு.
எதிரி நாடு என்று நான் கத்தியது இதுகளைத்தான்.
சிரித்தோம். காப்பி ஊற்றினேன்.
அவள் பதிவேட்டைக் கீழே கீழே உருட்டிக்கொண்டே போனாள்.
அவள் கோப்பை ஆறியது.

ஜனவரி முதல், தினமும் காலை நான்கு பத்துக்கு
யாரோ வந்திருக்கிறார்கள்.
செருப்பை வெளியே விட்டு நுழைந்தவர் மாதிரி
ஒரு அழுக்கும் இல்லை.
மதகைத் தொடவில்லை. பம்பைச் சீண்டவில்லை.
நீர்மட்டத்தைப் படித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்,
நான் ரொட்டியைப் பிரிக்கும் நேரத்தில்,
எனக்கு மூன்றடி தள்ளி, எந்த ஊரிலிருந்தோ.

மட்டி பொய் சொன்ன அந்தச் செவ்வாயிலும்
வந்து, பொய்யைப் படித்து, நம்பிப் போயிருக்கிறார்கள்.

பிப்ரவரி ஒன்பது மட்டும் வரவில்லை.
"ஐயோ, அன்றைக்கு என்ன ஆச்சோ" என்று
வாய்தவறி வந்துவிட்டது எனக்கு.
நஜ்வா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.
எழுதிக்கொண்டாளா, தெரியாது.

கம்பியைப் பிடுங்கியாகிவிட்டது.
ஹில்கெ காரில் வருகிறார்,
பெட்ரோல் விலையைத் திட்டிக்கொண்டு.
பெட்டிக்கு இப்போது கடவுச்சொல் உண்டு.
அதை எழுதிய காகிதம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று
இங்கே சொல்லமாட்டேன்.

நான்கு பத்துக்கு நான் வெளியே போகிறேன்.
அளவுகோலில் டார்ச்சை அடிக்கிறேன்.
மைனஸ் ஒன்று புள்ளி நான்கு ஒன்பது.
சத்தம் போட்டே படிக்கிறேன்.
ஆடுகளுக்குத்தான்.